மடிக்குப் போடும் ஊதா மருந்து

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வரைக்கும் மாட்டு மடியைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவன் ஒருத்தனும் கிடையாது. தொட்டுக்கூடப் பார்க்க வேண்டாம். தூர நின்று ஒரு பார்வை பார்த்தாலே எந்தக் காம்பில் நோய் இறங்குகிறது என்று சொல்லிவிடுவேன்.

பொய். என் செவலைப் பசுவுக்கு மடி வீங்கி, காம்பு கல்லாகி, பால் திரிந்து வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. அதையும் சொன்னது என் மனைவி சரசு. மாட்டுச் சாளையைக் கூட்டுவது, தீனி போடுவது, மடி கழுவிக் கறப்பது எல்லாம் அவள். கேனைத் தூக்கிக்கொண்டு பால் சங்கத்துக்குப் போய்ப் பெருமை பேசுவது மட்டும் நான். வேலையைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டோம் என்று சொல்லிக்கொள்வேன்.

இது மாட்டுக் கதை இல்லை. சரசுவுக்கு வந்த நமைச்சலின் கதை. எங்கே நமைச்சல் என்றால், பெண்ணுறுப்பில். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் இந்தச் சொல்லை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. "இதையெல்லாம் ஊருக்குச் சொல்லோணுமா புள்ளே?" என்று அவளிடமே கேட்டேன்.

"கல்யாண ஊட்டுலயும் பேசறீங்க, எழவு ஊட்டுலயும் பேசறீங்க. இத்தன வருசம் அந்த வாய்க்குச் சோறு போட்டிருக்கறனுங்க. ஒருக்கா உருப்படியா பேசட்டும்" என்றாள்.

பள்ளிக்கூடத்தை நான் வெளியே நின்று பார்த்ததோடு சரி. எங்கள் மாடுதான் உள்ளே போய் மேய்ந்தது. அதனால் போனில் பேசி, கோயம்புத்தூரில் இருக்கும் மகளுக்கு அனுப்புகிறேன். அவள் ஒழுங்கான எழுத்தில் எழுதிக்கொள்வாள். எழுத்து அவளுடையது, உளறல் என்னுடையது.

மடி கழுவும் தண்ணீரில் ஒரு தூள் போடுவோம். கடுகளவு போட்டாலே வாளித் தண்ணீர் ஊதாவாகிவிடும். பெர்மாங்கனேட் என்று பெயர். எங்களுக்கு அது ஊதா மருந்து. ஒரு டப்பா வாங்கினால் எங்கள் நாலு மாட்டுக்கு ரொம்ப நாள் வரும். அந்த டப்பா திடீரென்று வேகமாகக் காலியாக ஆரம்பித்தது. மறுபடி மறுபடி வாங்கினேன். "ஆறுச்சாமி மாதிரி மடி சுத்தம் பாக்கற ஆளே இல்ல" என்று சங்கத்துச் செயலாளர் எல்லார் முன்னாலும் சொன்னார். நானும் அடக்கமாகத் தலையை ஆட்டிப் பாராட்டை வாங்கிக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் துணிக்கொடியில் ஒரு துண்டு காய்ந்தது. மேலே ஒரு சேலையைப் போட்டு மறைத்திருந்தாள். காற்று சேலையைத் தள்ளியதும் துண்டு முழுக்கப் பழுப்புக் கறை தெரிந்தது. ஊதா மருந்து காய்ந்தால் அந்த நிறம்தான் வரும்.

"ஏ சரசு, டப்பா டப்பாவாக் கரையுதே, காப்பியில போட்டுக் குடிக்கறயா?"

அவள் சிரிக்கவில்லை. புல்லுக்கட்டின் மேல் ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். "எனக்குத்தானுங்க போட்டுக் கழுவறேன்."

"எங்க?"

அவள் பசுவைப் பார்த்தாள். நானும் பசுவைப் பார்த்தேன். பசு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தது. அதற்குத்தான் முதலில் புரிந்தது என்று நினைக்கிறேன்.

மாதவிலக்கு நின்றதிலிருந்தே நமைச்சலாம். பகலில் வேலையில் மறந்துபோகுமாம், படுத்தால் பிடித்துக்கொள்ளுமாம். அவள் தூக்கம் வராமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மகளை நினைத்துக் கவலைப்படுகிறாள் என்று முடிவு கட்டித் திரும்பிப் படுத்துக்கொள்வேன். அவள் தேங்காயெண்ணெய் போட்டுப் பார்த்திருக்கிறாள். வேப்பிலைத் தண்ணீர், டெட்டால், சோப்பு எல்லாம் பார்த்திருக்கிறாள். செவலையின் வெடித்த காம்பு ஊதாத் தண்ணீரில் ஆறியதும், மாட்டுக்கு ஆறினது மனுசிக்கு ஆறாதா என்று நினைத்திருக்கிறாள். பெண்ணுக்கென்று ஆஸ்பத்திரி இருப்பது அவளுக்குத் தெரியும். அங்கே போனால் வாயைத் திறந்து சொல்ல வேண்டுமே, அதுதான் தடை. தொழுவத்தில் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

இந்த இடத்தில் மாட்டு வைத்தியர் ஆறுச்சாமி வேலையைக் கையில் எடுத்தார். "கடுகளவு போட்டா என்னத்துக்கு ஆகும்? டோசு பத்தலை" என்று நானே கலக்கிக் கொடுத்தேன். பீட்ரூட் சாறு மாதிரி இருந்தது. அவள் போட்ட சத்தத்தில் செவலை கயிற்றை அறுத்துக்கொண்டது.

அடுத்து மருந்துக் கடைக்குப் போனேன். பெண்டாட்டிக்கு என்று சொல்ல வெட்கப்பட்டு, "எனக்குத்தானுங்க, தொடையிடுக்குல" என்றேன். கடைக்காரர் ஒரு படைக் களிம்பைக் கொடுத்து, காற்றோட்டமாக வேட்டி கட்டச் சொன்னார். நான் ஊருக்கு வருவதற்கு முன்னாலேயே என் நமைச்சல் டீக்கடைக்கு வந்து சேர்ந்திருந்தது. களிம்பு கொஞ்ச நாள் அடக்கியது. பிறகு முன்னைவிட மோசமானது. சொறிந்து சொறிந்து புண்ணாகி, நீர் கசிந்து, சரசுவுக்குக் காய்ச்சல் வந்தது.

பாலக்காட்டுக்குப் பஸ் ஏறினோம். பாதி சீட்டு காலி. சரசு கடைசி வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள். கண்டக்டர் "சேச்சி, இருந்தோளு, சீட்டுண்டு" என்று ரெண்டு தடவை உட்காரச் சொன்னார். "பரவால்லீங்" என்று அவரைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் நானும் சீட்டை விட்டு எழுந்து அவள் பக்கத்தில் நின்றேன்.

ஆஸ்பத்திரியில் எல்லாப் பலகையும் மலையாளம். தமிழில் இருந்தாலும் எனக்கு ஒன்றுதான். கும்பல் எங்கே அதிகமோ அங்கே நின்றேன். முன்னாலும் பின்னாலும் பிள்ளைத்தாச்சிப் பெண்கள். ஒருத்தி என் தொப்பையைப் பார்த்து, "மாமா, உங்களுக்கு எந்த மாசம்?" என்றாள். வரிசையே சிரித்தது. சிரித்துவிட்டு, சரசு நிற்கும் நிலையைப் பார்த்ததும் எல்லாரும் விலகி அவளை முன்னால் அனுப்பினார்கள். எட்டு மாத வயிற்றைச் சுமந்துகொண்டு நிற்கிற பெண்கள்! அவர்கள் பிள்ளைகள் எல்லாம் நன்றாக இருக்கட்டும்.

டாக்டரம்மா சிறுசு, எங்கள் மகளைவிடக் கொஞ்சம் மூத்திருப்பார். மலையாளத்துக்காரர், தமிழும் பேசுவார். "என்னம்மா கஷ்டம்?" என்று கேட்டார். சரசு தரையைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். டாக்டர் எங்களைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தாமலே கேட்டார்: "பெண்ணுறுப்புல சொறிச்சிலா? நமைச்சலா?"

காது நமைச்சலா என்று கேட்பது மாதிரிதான் கேட்டார். அந்த அம்மா அந்தச் சொல்லைச் சொன்ன விதத்திலேயே சரசுவின் தோள் இறங்கியது. இத்தனை வருடம் தூக்கிக்கொண்டு நடந்த ஒன்றை யாரோ வாங்கிக் கீழே வைத்த மாதிரி. "ஆமாங்க டாக்டர்" என்றாள். அதற்கப்புறம் அவள் சொன்னதெல்லாம் எனக்கே புதுசு. சிறுநீர் கழித்தால் எரிச்சல், உட்கார்ந்தால் வெடிப்பு, என் பக்கத்தில் வரவே பயம். அதை அவளுக்கு வயதாகிவிட்டது என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு நமைச்சல் உண்டா? புருஷனும் பொஞ்சாதியும் ஒருத்தருக்கொருத்தர் கொடுக்கற கிருமியும் உண்டு, அதான் கேக்கறேன்."

"எனக்கு நாக்குல மட்டும்தானுங்க டாக்டர்."

"அதுக்கு இங்க மருந்தில்ல" என்று சொல்லி, திரைக்குப் பின்னால் சரசுவைக் கூட்டிப் போனார்.

அப்புறம் டாக்டரின் குரல். "இதென்ன, தோல் எல்லாம் பழுப்பா இருக்கு? கறுப்பா அங்கங்க திட்டு? எனக்கு ஒண்ணும் தெரியலையே. என்ன போட்டீங்க?" சரசு பதில் சொல்லவில்லை. மறுபடி கேட்டார். டாக்டர் ஏதோ பெரிய வியாதி என்று நினைத்துவிடப் போகிறாரே என்று எனக்குப் பதற்றம். திரைக்கு வெளியிலிருந்து முழுக் குரலில் கத்தினேன்:

"அது மாட்டு மடிக்குப் போடற மருந்துங்க டாக்டர்!"

ஓ.பி. முழுக்க அமைதி. எங்கேயோ ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது, அதுவும் நிறுத்திவிட்டது. பிறகு திரைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. சரசு சிரித்துக்கொண்டிருந்தாள். டாக்டரும் சிரித்தார். ஆனால் வெளியே வந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "புண்ணு பழுத்திருக்கு. காய்ச்சலும் உண்டு. அட்மிட் ஆகணும்" என்றார்.

பெண்கள் வார்டு. பார்வை நேரம் தவிர ஆம்பளைக்கு இடமில்லை. கூட இருக்க ஒரு பெண் வேண்டும். மகளுக்கு உடனே லீவு கிடைக்கவில்லை. யோசித்து யோசித்து என் அக்கா பாப்பாத்திக்குப் போன் போட்டேன். எங்கள் வீட்டு விசேஷத்தில் அவளைப் பின்வரிசையில் உட்கார வைத்தோம் என்று ரொம்ப காலமாகப் பேச்சு வார்த்தை இல்லை. அன்று அவள் எதுவும் கேட்கவில்லை. "எந்த வார்டுடா?" என்றாள். அவ்வளவுதான். ராகிக் களியும் கீரையும் தூக்குப்போணியில் எடுத்துக்கொண்டு வந்து இறங்கினாள்.

ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை ஏகத்துக்கு ஏறியிருந்தது. சரசுவுக்குச் சர்க்கரை இருப்பது எங்களுக்கே அன்றைக்குத்தான் தெரியும். பஞ்சு சுற்றிய குச்சியால் கசிவைத் தொட்டெடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவிப் பூதக்கண்ணாடியில் பார்த்தார்கள். பூஞ்சை என்றார்கள். ரத்தத்தில் சர்க்கரை கூடினால் அந்த ஈரமான இடத்தில் பூஞ்சைக்குக் கொண்டாட்டமாம். அதற்கு வாய்வழியாக ஒரு மாத்திரை, உள்ளே வைக்க ஒரு மாத்திரை. பழுத்த புண்ணுக்கு ஊசி. சர்க்கரைக்குத் தனி மருந்து.

பார்வை நேரத்தில் நான் போனபோது டாக்டர் கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். பின்னால் நோயாளிகள் வரிசையாகக் காத்திருக்க, ஒரு டாக்டர் ஸ்டூலில் உட்காருவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"நமைச்சல்னா ஒரே வியாதி இல்ல, சரஸ்வதி. பூஞ்சையா இருக்கலாம். மாசமுறை நின்ன பிறகு அங்க தோல் காய்ஞ்சு போறதா இருக்கலாம். சொறிப் பூச்சி, பேன்கூட உண்டு. தோல் வியாதி உடம்புல வேற எங்க வருமோ அங்கயும் வரும். சில பேருக்கு சோப்பு, டெட்டால், சலவைத் தூளே போதும். அரிக்குதுன்னு கழுவுவீங்க, கழுவக் கழுவ அரிக்கும். இனி அந்த இடத்துக்கு வெறும் தண்ணி மாத்திரம். அங்க இருக்கறது அழுக்கு இல்ல, தோல்."

அன்றிலிருந்து அக்கா சரசுவின் துணிகளை அலசிய அலசலை நீங்கள் பார்க்க வேண்டும். சோப்பு வாசனை போகும் வரைக்கும் தண்ணீர் மாற்றி மாற்றி அலசி, முகர்ந்து பார்த்து, மறுபடி அலசுவாள். "ஏனுங் நங்கையா, துணி நைஞ்சு போயிருமுங்க" என்பாள் சரசு. "நைஞ்சா நான் எடுத்துத் தாரேன் கண்ணு, நீ படு" என்பாள் அக்கா. பின்வரிசைச் சண்டை அந்தத் தண்ணீரோடு எங்கே போனதென்று யாரும் கேட்கவில்லை.

ஒருநாள் அக்கா மெதுவாக டாக்டரிடம், "எங்க சொந்தத்துல ஒருத்திக்கும் இதே மாதிரி நமைச்சல் இருக்குதுங்க" என்றாள். டாக்டர் எழுதுவதை நிறுத்தாமலே சொன்னார்: "அந்தச் சொந்தக்காரியை நாளைக்கு ஓ.பி.க்கு வரச் சொல்லுங்க. இதே சேலையில வந்தாலும் மதி, போதும்." அக்கா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். மறுநாள் வேறு சேலையில் போனாள்.

காய்ச்சல் விட்டது. புண் ஆறியது. ஊதா மருந்தின் கறை தோலோடு உரிந்து போனது. எல்லாம் முடிந்தது என்று நான் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோதுதான் டாக்டர் மறுபடி பார்த்துவிட்டு என்னையும் உள்ளே கூப்பிட்டார்.

"கறை இருந்ததால அன்னிக்கு நிறம் தெரியல. இப்பத் தெரியுது. அடியில தோல் வெளுத்து, பேப்பர் மாதிரி மெலிஞ்சிருக்கு. இது பூஞ்சை இல்ல. வேற ஒரு தோல் வியாதின்னு நினைக்கறேன். ஒரு இடத்துல மட்டும் கொஞ்சம் தடிப்பா இருக்கு. அதிலிருந்து அரிசியளவு தோல் எடுத்துப் பரிசோதிக்கணும். பயாப்சின்னு சொல்லுவோம்."

"எதுக்குங்க பரிசோதிக்கோணும்?" என்று சரசு கேட்டாள்.

டாக்டர் அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னார். "கேன்சர் இல்லன்னு உறுதி பண்ணத்தான். பெரும்பாலும் இருக்காது. ஆனா பார்க்காம இல்லன்னு நான் சொல்ல மாட்டேன்."

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு என் காதில் எதுவும் விழவில்லை. சரசுவுக்கு விழுந்திருக்கிறது. "வலிக்குமுங்களா? எப்ப எடுக்கறீங்க? நடந்து போலாமுங்களா?" என்று வரிசையாகக் கேட்டாள். மரத்துப்போக ஊசி போடுவார்களாம், ஒரே ஒரு தையல் போதுமாம். நான் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று வாயைத் திறந்தேன். என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"கால் கட்டோணுமுங்களா டாக்டர்? நான் நல்லாக் கட்டுவனுங்க."

டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டார். "சிஸ்டரே, முதல்ல இந்த ஆளைக் கொண்டுபோய் வெளிய மரத்துல கட்டுங்க."

ஆஸ்பத்திரி முற்றத்தில் ஒரு மாமரம் உண்டு. வார்டுக்குள் விடாத புருஷன்மார் எல்லாம் அதன் அடியில்தான் இருப்போம். யாரும் கட்டாமலே நான் போய் நின்றேன். பக்கத்தில் இருந்த ஒருவர், "வீட்ல என்ன வியாதிங்க?" என்று கேட்டார். இத்தனை நாள் நான் காய்ச்சல் என்றும், சர்க்கரை என்றும் சொல்லிச் சமாளித்திருந்தேன். அன்று, "பெண்ணுறுப்புல நமைச்சலுங்க. தோல் எடுத்துப் பாக்கறாங்க" என்றேன். அந்த ஆள் முகம் சுளிக்கவில்லை. "என் பொஞ்சாதிக்குக் கர்ப்பப்பையில கட்டிங்க" என்று சொல்லி, பாதி சாப்பிட்ட பொரி உருண்டையை எனக்கு உடைத்துக் கொடுத்தார். தின்றோம். வேறென்ன செய்வது.

சரசு நடந்துதான் வெளியே வந்தாள். "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருந்துச்சுங்க" என்றாள். எறும்பு என்னைக் கடித்திருந்தால் நான் ஆம்புலன்ஸ் கேட்டிருப்பேன்.

முடிவு வரக் கொஞ்ச நாள் ஆகும், வீட்டுக்குப் போங்கள் என்றார்கள். போனோம். அந்த நாட்களைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒரு வேடிக்கையும் இல்லை. நான் பால் கறந்தேன். செவலைக்கு என் கை பிடிக்கவில்லை, உதைத்தது. சங்கத்துக்குப் போய்ப் பாலை ஊற்றிவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பினேன். நான் வாயைத் திறக்காததைப் பார்த்துச் செயலாளரே எனக்குத்தான் ஏதோ பெரிய வியாதி என்று பயந்து, வீட்டுக்கு வந்து விசாரித்தார். சரசு அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்து, "அவியளுக்கு ஒண்ணுமில்லீங்க. எனக்கு வந்ததுக்கு அவிய படுத்துக்கிட்டாங்க" என்றாள்.

அவர் போனதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஏனுங், ஒரு சிரிப்புக் கதை சொல்லுங்க."

"வரமாட்டேங்குது புள்ளே."

"அப்ப நான் சொல்லட்டுங்களா?" என்றாள். "ஒரு ஊருல ஒரு மாட்டு வைத்தியனாம். பொஞ்சாதிக்கு ஊதாத் தண்ணி கலக்கிக் குடுத்தானாம். அவ நல்லாயிட்டாளாம். ஆனா மறாநாள்ல இருந்து, விடிஞ்சா அவளும் அவ பால ஊத்தப் பால் சங்கத்துக்குக் கேனோட வந்து வரிசையில நிக்கறாளாம்."

நான் சிரித்தேன். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. சிரித்ததால் வந்த தண்ணீர் என்றுதான் இன்றுவரைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பயத்தில் இருந்தவள் அவள். ஆறுதல் சொல்ல வேண்டியவன் நான். எங்கள் வீட்டில் எல்லா வேலையும் மாதிரி அதையும் அவளே செய்துவிட்டாள்.

முடிவு வாங்கப் போன அன்று டாக்டர் எங்களை உட்காரக்கூட விடவில்லை. கதவிலேயே சொன்னார். "கேன்சர் இல்ல." அப்புறம்தான் உட்காரச் சொன்னார். உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மெதுவாக நல்ல சேதி சொல்கிற டாக்டர்கள் இருப்பார்கள். காத்திருக்கிறவனின் வயிறு தெரிந்தவர் கதவிலேயே சொல்கிறார்.

வியாதியின் பெயர் லைக்கன் ஸ்கிளிரோசஸ். பால் சங்கத்தில் இதை நான் எத்தனையோ விதமாக உச்சரித்திருக்கிறேன், ஒன்றாவது சரியாக இருந்திருக்கும். தோல் வெளுத்து, மெலிந்து, வெடிக்கும். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு அதிகம் வருமாம். ஒட்டுவாரொட்டி இல்லை. சுத்தமில்லாததால் வருவது இல்லை. வெண்குஷ்டமும் இல்லை. ஏன் வருகிறது என்று முழுசாகத் தெரியாதாம். உடம்பின் காவல்காரனே தோலைத் திருடன் என்று நினைத்து அடிக்கிற மாதிரி ஒரு கோளாறு என்றார். முழுசாக ஓட்ட முடியாது, அடக்கி வைக்கலாம். வீரியமான ஒரு களிம்பு. விரல் நுனியில் பட்டாணிக்கும் குறைவாக எடுத்து, முதலில் தினமும், பிறகு ஒன்றுவிட்டு ஒருநாள், பிறகு வாரத்தில் ஓரிரு தடவை. நமைச்சல் நின்றுவிட்டாலும் அவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. "கடையில நீங்களா வாங்கின களிம்பு வேற, இது வேற. அளவும் நாளும் நான் சொல்ற மாதிரி" என்று என்னைப் பார்த்து விரலை ஆட்டினார். பீட்ரூட் சாறு விஷயம் அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

"இன்னொண்ணு. இந்த வியாதி உள்ள தோல்ல, வருஷங்கள் போனா, கொஞ்சம் பேருக்கு கேன்சர் வர வழி உண்டு. பேடிக்கேண்டா, பயப்படாதீங்க. ஆனா பார்த்துக்கிட்டே இருக்கணும். இங்க செக்கப்புக்கு வரணும். வீட்ல மாசத்துக்கு ஒருதரம் கண்ணாடி வச்சு நீங்களே பார்க்கணும்."

"என்னன்னு பாக்கறதுங்க?" என்றாள் சரசு.

டாக்டர் யோசித்தார். அப்புறம் என்னைக் காட்டி, "மடி நோய் வருதான்னு எப்படிப் பார்ப்பீங்க?" என்று கேட்டார்.

"நிறம் மாறுதான்னு பாப்போமுங்க. கட்டி இருக்கான்னு தடவிப் பாப்போம். வெடிப்பு ஆறாம நிக்குதான்னு பாப்போம்" என்றாள் சரசு. பதில் சொன்னது அவள். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"அதே தான். புதுசாத் தடிப்பு, கட்டி, ஆறாத புண்ணு, ரத்தம். கண்டா செக்கப் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம், அடுத்த பஸ்ஸைப் பிடிங்க."

அந்த அம்மா எத்தனை வருடம் படித்திருப்பார் என்று தெரியாது. தன் படிப்பை எங்கள் மாட்டுச் சாளைக்கு நடத்திக் கூட்டி வந்து கட்டிவிட்டுப் போனார். இனி அது எங்கும் போகாது.

திரும்பி வரும் பஸ்ஸில் சரசு உட்கார்ந்து வந்தாள். கொஞ்சம் சாய்ந்துதான், ஆனால் உட்கார்ந்து. கொஞ்ச நாளில் நேராக உட்கார்ந்தாள். தூங்கினாள். நான் குறட்டை விடுவதாக முதல் தடவையாகப் புகார் சொன்னாள். இத்தனை காலம் முழித்திருந்தவளுக்கு என் குறட்டை ஒரு பொருட்டாக இல்லை. இப்போது தூக்கம் கெடுகிறதாம். அதைவிட நல்ல சேதி எனக்கு வேண்டுமா?

கண்ணாடி பார்க்கிற நாளில் எனக்கும் ஒரு வேலை உண்டு. டார்ச் பிடிப்பது. எங்கள் அறையில் வெளிச்சம் பற்றாது. அவள் கட்டிலில் உட்கார்ந்து கண்ணாடியைப் பிடிப்பாள், நான் பக்கத்தில் நின்று வெளிச்சம் அடிப்பேன். ஆனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும், அது அவள் சட்டம். பார்க்காமல் வெளிச்சம் அடித்தால் எங்கே விழும்? "அக்கட்டால அடிக்காதீங்க, இக்கட்டால... இன்னும் கீழ... என்ற மூஞ்சிக்கு எதுக்குங்க அடிக்கறீங்க!" அந்தச் சுவரில் எத்தனை பல்லி உண்டு, எங்கே காரை பெயர்ந்திருக்கிறது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். போன மாதம் பார்த்தபோது ஒரு சின்ன வெடிப்பு இருக்கிற மாதிரித் தெரிகிறது என்றாள். டாக்டரிடம் காட்டினோம். களிம்பைத் தினமும் போட்டு இந்த மாதம் பாருங்கள், ஆறாமல் இருந்தால் உடனே வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

சங்கத்தில் நடந்ததைச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. என் களிம்புப் புகழ் டீக்கடையில் பரவியிருந்தது இல்லையா? போன வாரம் பால் ஊற்ற வந்த ஒருத்தர் என்னைத் தனியாகக் கூட்டிப் போனார். சுற்றிலும் பார்த்தார். "ஆறுச்சாமியண்ணே, உங்களுக்கு அந்தத் தொடையிடுக்கு நமைச்சல் இருந்துச்சாம்ல? என்ன மருந்துங்க போட்டீங்க? எனக்கில்லீங்க, ஊட்டுல..." என்று இழுத்தார். நான் அவர் தோளில் கையைப் போட்டு, டாக்டரம்மா மாதிரிக் குரலைத் தாழ்த்தாமல்...

இருங்கள். சரசு கூப்பிடுகிறாள்.

"ஏனுங், போனுல பேசினது போதும். டார்ச்ச எடுத்துக்கிட்டு வாங்க."

"இதோ வாரேன் புள்ளே. கதை நல்ல எடத்துல நிக்குது."

"கதை நிக்கட்டும். எனக்கு இந்தக் கண்ணாடியில ஒண்ணும் வெளங்க மாட்டேங்குது. தூர நின்னு ஒரு பார்வ பாத்தாலே சொல்லிப்போடுவேன்னு ஊரெல்லாம் பீத்தறீங்கல்ல? கிட்ட வந்தே பாத்துச் சொல்லுங்க."

போகிறேன். இந்தத் தடவை சுவரைப் பார்க்கச் சொல்லவில்லை.